அப்பாவோட காத்தாடியும் அம்பது ஹெர்ட்ஸும்!

இதைப் படிக்கும்போது உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்திட்டு இருக்கா? அப்படின்னா, நீங்க சுவிட்சைப் போட்ட அந்த விநாடியே எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் துளியூண்டு திணறியிருக்கும். நிஜமாத்தான்! கரென்ட்டை அரிசி, பருப்பு மாதிரி மூட்டை கட்டி குடோன்ல அடுக்க முடியாது. பேட்டரியிலயும் மலை மேல இருக்கிற அணையிலயும் கொஞ்சூண்டு சேர்த்து வைக்கலாம். மத்தபடி, தயாரிச்ச விநாடியிலேயே செலவாகணும். செலவாகிற அளவுக்கு அந்த விநாடியிலேயே தயாரிச்சாகணும்.

இந்த வரவு செலவு சரியா இருக்கானு சொல்ற நாடித் துடிப்புக்குப் பேர்தான் ஃப்ரீக்வன்ஸி. நம்ம நாட்டுக்கு அது 50 ஹெர்ட்ஸ். செலவு கூடினா எண் இறங்கும். உற்பத்தி கூடினா ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவுல நிக்கணும்னு கிரிட் சட்டம் சொல்லுது. நூலிழைதான் கேப்! ஆனா 2003 தொடக்கத்துல தென் மாநிலங்களுக்குப் புதுக் கட்டண முறை வர்றதுக்கு முன்னாடி, இந்த எண் 48-க்குப் பக்கத்துல போய் வர்றது சர்வ சாதாரணம். சாயங்காலம் டியூப் லைட் மினுக் மினுக்னு அழும், மிக்ஸி முனகும்... உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா கதை கதையா சொல்வாங்க.

எனக்குச் சம்பளம் வர்றதே இந்த எண்ணாலதான். ட்ரிபிள் ஈ படிச்சிட்டு, காற்றாலைகளுக்கு ஜோசியம் சொல்ற வேலை பார்க்கிறேன். சிரிக்காதீங்க! ஒரு நாளை 15 நிமிஷக் கட்டங்களா வெட்டினா 96 கட்டம் வரும். நாளைக்கு மத்தியானம் ரெண்டே காலிலிருந்து ரெண்டரை வரைக்கும் இந்த ஏரியா காற்றாலைகள் எத்தனை மெகாவாட் தரும்னு இன்னிக்கே எழுதிக் கொடுக்கணும். இப்படி 96 கட்டத்துக்கும்! காற்று நம்மளை ஏமாத்திட்டா, சொன்னதுக்கும் வந்ததுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பொறுத்து அபராதம் உண்டு. கிளாஸ்ல என்கூடப் படிச்ச முக்கால்வாசிப் பேர் ஐ.டி. கம்பெனிக்குப் போயிட்டாங்க. 'நீ மட்டும் ஏன்டி காத்து வாங்கப் போனே?'னு இன்னமும் குரூப்ல ஓட்டுறாங்க.

ஏன்னா, எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சதே காத்துலதான்!

முப்பந்தல் தெரியும்ல? நாகர்கோவில் பஸ்ல தூங்கிட்டு வர்றவங்களைக்கூட இடிச்சு எழுப்பி, 'அங்க பாரு'னு காட்டுவாங்களே, அந்த ஏரியாதான் நமக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழி கிட்ட ஒரு கதவைத் திறந்து வெச்ச மாதிரி இடைவெளி விட்டிருக்கும். கேரளா பக்கமிருந்து வர்ற தென்மேற்குப் பருவக் காற்று, ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் அந்தக் கதவு வழியா முட்டி மோதி உள்ளே வரும். ஆடிக் காத்துல அம்மி பறக்கும்கிறது உங்களுக்குப் பழமொழி. எங்களுக்கு வானிலை அறிக்கை! துணி காயப்போட்டா பக்கத்து ஊர்ல போய்ப் பொறுக்கணும்.

1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல ஆரம்பிச்சது நம்ம மாநிலத்துக் காற்றாலைக் கதை. 90-கள்ல, காற்றாலை வாங்கினா அதோட மொத்த விலையையும் முதல் வருஷமே தேய்மானமா கணக்குல கழிச்சுக்கலாம்னு வரிச் சலுகை கொடுத்தாங்க. அப்புறம் என்ன, நூற்பாலை முதலாளிகள்ல ஆரம்பிச்சு ஆளாளுக்கு வந்து எங்க பொட்டல்காட்டுல மெஷினை நட்டுட்டுப் போனாங்க. அப்படி ஒரு மில்காரர் நட்ட 14 மெஷினுக்குத்தான் எங்க அப்பா ஆபரேட்டர். ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன். 26 வருஷமா அதே 14 மெஷின். ஒவ்வொண்ணும் 225 கிலோவாட். எங்க வீட்ல 'ஏழாம் நம்பருக்கு உடம்பு சரியில்ல'னு சொன்னா, பெயின்ட் போன அந்த ஏழாவது காத்தாடியைச் சொல்றோம்னு அர்த்தம்.

2012-ஐ மறக்க முடியுமா? தமிழ்நாடே கரென்ட் கட்டுல வெந்துட்டு இருந்த வருஷம். நான் ஏழாங்கிளாஸ். எங்க ஊர்ல பாதி நாள் கரென்ட் இருக்காது. மெழுகுவத்தி வெளிச்சத்துல ஹோம் ஒர்க், விசிறியால அம்மாவுக்குக் கை வலி. ஆனா ஜன்னலைத் திறந்தா வெளியே நூத்துக்கணக்குல காத்தாடி! அதைவிடக் கொடுமை, காத்து பேயா அடிக்கிற சில ராத்திரிகள்ல அந்தக் காத்தாடிகளும் சும்மா நிக்கும். போன்ல தகவல் வரும், அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போய் ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வருவார். திரும்பி வந்ததும் திண்ணையில உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விதான் என்னை ட்ரிபிள் ஈ வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

"ஏட்டி, காத்து இந்தப் போடு போடுது. ஊரெல்லாம் இருட்டாக் கெடக்கு. பொறவு எதுக்கு மெஷினை நிப்பாட்டச் சொல்லுதாவ?"

நல்ல கேள்வி இல்ல? கோச்சுக்காம கேளுங்க, பதில் கொஞ்சம் நீளம்.

முதல் காரணம் ரோடு. பத்து லாரி தக்காளி விளைஞ்சாலும், ஊருக்கு ஒத்தையடிப் பாதைதான்னா என்ன பண்ணுவீங்க? காத்தாடிகள் நட்ட வேகத்துக்கு, தெற்கு மாவட்டங்கள்ல இருந்து சென்னைக்கும் கோவைக்கும் கரென்ட்டைக் கொண்டுபோற உயரழுத்த லைன்கள் வளரலை. லைன்ல தாங்குற அளவுக்கு மேல ஏத்தினா கம்பி சூடாகும், தொய்யும், ட்ரிப் ஆகும். மாநிலத்துக்கு வெளியே விக்கலாமேனு கேப்பீங்க. அப்போ தென் மாநிலங்களோட கிரிட் தனித் தீவு. 2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் வட இந்தியா இருட்டுல மூழ்குச்சே, ஞாபகமிருக்கா? ரெண்டாவது நாள் மட்டும் 60 கோடிப் பேருக்கு மேல வாழுற பகுதிகள்ல கரென்ட் போச்சு. தெற்கே நாம தப்பிச்சதுக்குக் காரணமே நம்ம கிரிட் அவங்களோட ஒரே துடிப்புல இணையாததுதான். ஆனா அதே காரணத்தால ஆடி மாசத்துல மிஞ்சுற காத்து கரென்ட்டையும் தாராளமா வெளியே அனுப்ப முடியலை. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா தெற்கு இணைஞ்சது. அதுக்கப்புறம்தான் காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே ஃப்ரீக்வன்ஸி. யோசிச்சுப் பாருங்க... நீங்க கோவில்பட்டியில கிரைண்டரைப் போட்டா, பஞ்சாப்ல ஒரு டர்பைனுக்குத் தெரியும்!

இப்ப சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து கரூர் பக்கம் புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் டி.சி. லைன் ஓடுது. 6,000 மெகாவாட் தாங்கும். தமிழ்நாட்டோட உச்சபட்சத் தேவை 2024 மே மாசம் 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சுனு வெச்சுப் பாருங்க, இந்த ஒத்தை லைனோட சைஸ் புரியும். நமக்கு வேணுங்கிறப்ப அங்கிருந்து வாங்கலாம், காத்து சீசன்ல இங்கிருந்து அங்கே தள்ளலாம். ரெண்டு வழிப் பாதை. அப்பா அன்னிக்குக் கேட்ட கேள்விக்கு இந்த லைன் பாதி பதில்.

மிச்சப் பாதியைத்தான் அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னா அது அவரோட 14 பிள்ளைகளைப் பத்தினது.

எங்கேயோ ஒரு லைன்ல மரம் விழுந்து ஷார்ட் ஆகுதுனு வைங்க. அந்தச் சுற்று வட்டாரத்துல வோல்டேஜ் சட்டுனு படுத்துரும். ஒரு விநாடியில பாதிகூட ஆகாது, ரிலே அந்த லைனைக் கழட்டி விட்டதும் எல்லாம் சரியாயிடும். ஆனா அந்தக் கண் சிமிட்டுற நேரத்துலயே பழைய காத்தாடிகள் 'ஆளை விடு சாமி'னு மொத்தமா கழண்டுக்கும். ஆயிரம் மெஷின் ஒரே சமயத்துல கழண்டா? சின்னப் பிரச்னையா முடிய வேண்டியது பெரிய பிரச்னையாயிடும். அதனால 2013-ல மத்திய மின்சார ஆணையம் விதியைத் திருத்துச்சு. 2014 ஏப்ரலுக்கு அப்புறம் உயரழுத்த கிரிட்ல இணையுற காற்றாலைகள், வோல்டேஜ் 15 சதவிகிதத்துக்கு விழுந்தாலும் 0.3 விநாடி வரைக்கும் தாக்குப் பிடிச்சு நிக்கணும். ஓடிப் போகக் கூடாது. அப்பாவோட மெஷின்கள் அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி பிறந்தவை. அதுங்களுக்கு இந்தக் கலை தெரியாது. தவிர, அதுக்குள்ள இருக்கிற இண்டக்ஷன் ஜெனரேட்டர் சுத்துறதுக்கே கிரிட்கிட்ட இருந்து ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். கொடுக்கிற கையாலேயே கொஞ்சம் எடுத்துக்கிற டைப்.

ஒரு தீபாவளி லீவுல இதை அப்பாகிட்ட சொல்லிப் பார்த்தேன். "கூட்டத்துல ஒருத்தர் மயங்கி விழுந்தா தாங்கிப் பிடிக்கணும்ப்பா. நம்ம மெஷின் பயந்து ஓடிருது." அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அது பயந்து ஓடலட்டி. அதுக்கு அப்பிடித்தான் சொல்லிக் கொடுத்தாவ"ன்னார்.

நாலு வருஷ இன்ஜினீயரிங்ல எந்த புரொபசரும் இதை இவ்வளவு கரெக்டா சொன்னதில்ல. சத்தியமா! ஜெர்மனியில இதேதான் நடந்துச்சு. அங்கே கூரை மேல சோலார் வந்த புதுசுல, ஃப்ரீக்வன்ஸி 50.2-ஐத் தொட்டா உடனே கழண்டுக்கணும்னு விதி போட்டிருந்தாங்க. பத்து வீட்ல சோலார் இருந்தவரைக்கும் நல்ல விதி. லட்சக்கணக்கான வீட்ல வந்ததும்? 50.2 வந்த விநாடியே அத்தனையும் ஒண்ணா கழண்டா ஐரோப்பாவே ஆடிப்போயிடும்! 2012-ல சட்டம் போட்டு, மூணு லட்சத்துக்கும் மேல சோலார் அமைப்புகளுக்கு ஆள் அனுப்பி செட்டிங்கை மாத்த வேண்டியதாப் போச்சு. மெஷின் மேல தப்பில்ல. சொல்லிக் கொடுத்த பாடம் பழசாயிடுச்சு.

ஸ்பெயின் கதை இன்னும் ஃப்ரெஷ். 2025 ஏப்ரல் 28, மத்தியானம் 12.33. ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில விநாடிகள்ல மொத்தமா அவுட். ரயில் நடுவழியில நின்னுச்சு, லிஃப்ட்ல ஆள் மாட்டினாங்க. 'பார்த்தியா, சோலாரை நம்பினா இதான்'னு உலகம் முழுக்க ஒரு கோஷ்டி கிளம்புச்சு. 'சோலார் மேல கை வைக்காதே'னு இன்னொரு கோஷ்டி. விசாரிச்சா, வோல்டேஜ் கட்டுக்கடங்காம ஏறினதுதான் மேட்டர். அந்த ஊர் விதி, சோலார், காற்றாலைகளுக்கு வோல்டேஜைப் பிடிச்சு நிறுத்துற வேலையையே கொடுத்திருக்கலை. செய்யக்கூடிய திறமை புது இன்வெர்ட்டர்களுக்கு இருந்தும், செய்யச் சொல்லி யாரும் கேக்கலை! அதே வருஷம் ஜூன்ல விதியை மாத்தினாங்க.

அடுத்த தடவை டீக்கடையில யாராவது 'சோலார் வேஸ்ட்டு பாஸ்'னு சொன்னா, 'எந்த வருஷத்து விதிப்படி வெச்ச சோலார்?'னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. கெத்தா இருக்கும்.

சோலார்னதும் இன்னொண்ணு. மூணு கிலோவாட் கூரை சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம்னு 2024-ல அறிவிச்சதும் எங்க தெருவுலயே ரெண்டு பேர் போட்டாங்க. அதுல ஒரு மாமா, பட்டப்பகல்ல கரென்ட் போனதும் சோலாரும் நின்னுடுச்சுனு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டார். 'வெயில் கொளுத்துது, பேனல் பளபளனு இருக்கு, ஃபேன் ஏன்ம்மா ஓடலை?' மாமா, நின்னாதான் அது நல்ல இன்வெர்ட்டர்! கம்பத்து மேல லைன்மேன் ஏறி ரிப்பேர் பார்க்கிறார். லைன் டெட்னு நம்பி கை வைக்கிறார். கீழே உங்க வீட்டு சோலார் அதே கம்பியில கரென்ட்டை அனுப்பினா அவர் கதி? அதனாலதான் கிரிட் போனா, பேட்டரி இல்லாத கிரிட் சோலாரும் தூங்கணும்னு விதி. மாமா இப்பவும் முழுசா சமாதானமாகலை. மானியத்தை வாங்கிக் கொடுத்த ஆளு இதைச் சொல்லியிருக்கணும்கிறார். அதுவும் நியாயம்தான்.

மூணாவது காரணத்துக்கு வர்றேன். பணம். அனல் மின் நிலையத்தோட ஒப்பந்தம் போட்டா, கரென்ட் வாங்கினாலும் வாங்காட்டியும் நிலையான கட்டணம்னு ஒண்ணு கட்டியாகணும். அப்போ, 'காத்து கரென்ட்டை நிறுத்திட்டா செலவு மிச்சமாகுமே'னு வாங்குறவங்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசைக்குப் போட்ட பூட்டுதான் 'மஸ்ட் ரன்'. காற்றாலையும் சோலாரும் ஓடியே ஆகணும், கிரிட்டோட பாதுகாப்புக்கு ஆபத்துனா மட்டும்தான் நிறுத்தலாம். இது ஏட்டுல மட்டும் இருக்கிற விதியானு கேட்டா, 2021 ஆகஸ்ட்ல மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டு வழக்குலயே பதில் சொல்லியிருக்கு. கிரிட் பாதுகாப்பு காரணமில்லாம சோலார் உற்பத்தியை நிறுத்தினது தப்பு, நஷ்டஈடு கொடுக்கணும்னு தீர்ப்பு. 'கிரிட் பாதுகாப்பு'ங்கிற வார்த்தையைச் சொல்லி எதையும் செய்யலாம்கிற காலம் போயிடுச்சு.

இதோட சேர்த்து 2003 மின்சாரச் சட்டத்துல இன்னொரு கொக்கி. மின் விநியோகம் பண்றவங்க வாங்குற கரென்ட்ல இத்தனை சதவிகிதம் புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னு கட்டாயம். 2024-25க்கு மத்திய அரசு வெச்ச அளவு 29.91 சதவிகிதம். 2029-30க்கு 43.33. வாங்க முடியலைனா, வேற யாரோ தயாரிச்சதுக்கான சான்றிதழையாவது காசு கொடுத்து வாங்கணும். ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் மாதிரி... ஆனா காசு கொடுத்து பிரசன்ட் போட்டுக்கிற அட்டெண்டன்ஸ்! எனக்கு இதுல பெரிய மரியாதை இல்ல. காகிதம் கை மாறுறதால மட்டும் எந்த லைனும் நீளப் போறதில்ல. ஆனா சதவிகிதம்னு ஒண்ணு எழுத்துல இருக்கிறதாலதான் லைன் போடுங்க, பேட்டரி வைங்கனு கேக்கவே முடியுது, அதையும் சொல்லணும்.

சேர்த்து வைக்கிறதைப் பத்தி ஒரு வரி. ஆனைமலையில கடம்பாறைனு ஒரு இடம். 400 மெகாவாட். கரென்ட் மிஞ்சுறப்ப கீழ் அணைத் தண்ணியை மேலே ஏத்தி வெச்சு, தேவைப்படுறப்ப கீழே விட்டு கரென்ட் எடுப்பாங்க. 80-கள் கடைசியிலேயே வந்துடுச்சு! பேட்டரி பேட்டரினு உலகம் இப்ப குதிக்குது. நம்மகிட்ட தண்ணி பேட்டரி அப்பவே இருந்துச்சு. இன்னும் நாலஞ்சு இருந்திருந்தா அப்பாவுக்கு டார்ச் லைட் செலவு மிச்சம்.

சரி, இப்ப அப்பா மேட்டர்.

பழைய சின்னக் காத்தாடிகளைக் கழட்டிட்டு அதே இடத்துல பெருசு நடுறதுக்கு ரீபவரிங்னு பேர். 2024-ல தமிழ்நாடு அரசு இதுக்குன்னே தனிக் கொள்கை கொண்டுவந்துச்சு. என் வேலைக்குப் பார்த்தா, ரொம்ப நல்ல விஷயம். முப்பந்தல் மாதிரி காத்து அடிக்கிற இடம் நாட்டுல கைவிட்டு எண்ணலாம். அங்கே போய் 30 மீட்டர் உயரத்துல சுத்துற பழைய மெஷினை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது, ஐ.பி.எல். பிட்ச்ல கோலி விளையாடுற மாதிரி. அப்பாவோட 14 மெஷினையும் கூட்டினா மொத்தம் 3.15 மெகாவாட். இன்னிக்கு அது ஒரே ஒரு மெஷின்! நூறு மீட்டருக்கு மேல நின்னு சுத்தும், அதே காத்துல பல மடங்கு யூனிட் எடுக்கும், வோல்டேஜ் விழுந்தா தாங்கிப் பிடிக்கும், நான் சென்னையில உட்கார்ந்து மவுஸைத் தட்டினா விவரமெல்லாம் வரும்.

மில்காரர் முடிவு பண்ணிட்டார். பதினாலும் இறங்குது.

பதினாலு மெஷினுக்கு ஷிஃப்ட் போட்டு மூணு ஆபரேட்டர். அப்பா, இன்னொரு மாமா, ஒரு அண்ணன். புது மெஷினைப் பார்த்துக்கிறது தயாரிச்ச கம்பெனியோட சர்வீஸ் டீம். அவங்க லேப்டாப்போட வருவாங்க, போவாங்க. அண்ணனுக்கு வயசு முப்பது, உயரத்துல ஏறி வேலை பார்க்க பயிற்சி எடுத்து சர்டிஃபிகேட் வாங்கினா அந்த டீம்லயே சேர வாய்ப்பிருக்கு. மாமா ஆடு வாங்கலாம்னு இருக்கார். அப்பாவுக்கு 53. ரிட்டயர்மென்ட்டும் இல்ல, புது வேலையும் இல்ல... அந்த ரெண்டுங்கெட்டான் வயசு.

ரீபவரிங் பத்தி நாலஞ்சு செமினார்ல உட்கார்ந்திருக்கேன். டவர் உயரம், லைன் கொள்ளளவு, நிலத்தோட பங்கு, பழைய பிளேடை என்ன பண்றதுனு எல்லாம் பேசினாங்க. பிளேடைக்கூட என்ன பண்றதுனு கவலைப்பட்டாங்க! ஆபரேட்டரை என்ன பண்றதுனு நான் இருந்த எந்த ஹால்லயும் ஒருத்தர்கூடக் கேக்கலை. கடைசி செமினார்ல நானே எழுந்து கேட்டேன். 'நல்ல கேள்வி'னு சொல்லிட்டு டீ பிரேக் விட்டுட்டாங்க. வேலை விட்டுப் போறவங்களுக்கு ஒரு வருஷச் சம்பளம், முப்பது நாப்பது வயசுக்காரங்களுக்கு சைட்லயே பயிற்சி... இதை ரீபவரிங் அனுமதிக்கான நிபந்தனையா வைக்க முடியாதா? மெஷினுக்கு 0.3 விநாடி தாங்கணும்னு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இது எழுத வராதா? சங்கத்துக்காரங்களோட சேர்ந்து ஒரு மனு தயார் பண்ணிட்டு இருக்கேன். உங்கள்ல யாராவது லா காலேஜ்ல இருந்தா அந்த டிராஃப்ட்டைப் படிச்சுப் பார்க்க ஆள் தேவை, நிஜமாத்தான் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் அப்பாவால என் வேலைக்கே லாபமா நடந்துட்டு இருக்கு. போன ஜூலையில ஒரு நாள் விடியக்காலையில போன் பண்ணினார். "மகேந்திரகிரி தலையில மேகம் உக்காந்துட்டு. மேக்க மழை பிடிச்சுட்டு போல. மத்தியானத்துக்கு மேல காத்து அமுங்கிரும், எழுதி வச்சுக்கட்டி." எங்க சாஃப்ட்வேர் அன்னிக்கு ஃபுல் காத்துனு சொல்லிட்டு இருந்துச்சு. ரெண்டு மணிக்கு மேல அமுங்கியே போச்சு! அதிலிருந்து அவர் சொல்றதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுறேன். எல்லாத் தடவையும் சரியா வரலை. கிட்டத்தட்ட மூணுக்கு ரெண்டு தேறுது. என் டீம் லீடர்கிட்ட நோட்டைக் காட்டினேன். 'ஒரு சீசன் முழுக்க எடு, பார்க்கலாம்'னார். அதுல இருந்து சம்பளம் வருமானு அம்மா கேட்டாங்க. இப்போதைக்கு இல்லம்மா.

அக்டோபர்ல முதல் மெஷினை இறக்க கிரேன் வருதுனு தகவல். போன வாரம் ஊருக்குப் போனப்ப அப்பா ஆளைக் காணோம். பார்த்தா, ஒன்பதாம் நம்பர்ல பேரிங் சத்தம் வருதுனு மேலே ஏறி கிரீஸ் வெச்சுட்டு இருந்தார். கீழே இறங்கினதும், "கழட்டப் போற மெஷினுக்கு எதுக்குப்பா?"னு கேட்டேன்.

கையைத் துணியில துடைச்சுக்கிட்டே, "காத்து சீசன் இன்னும் முடியலேல்லா"ன்னார்.